பழைய நடை

ஆடி பதினெட்டு கழிந்தால்
பேராவூரணிப் பக்கம் மொய் விருந்துகளுக்கு
நான்தான் எழுதுவேன்.
கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதும் கை,
சுழி பிசகாது.
"ஆவணம் சின்னக்கண்ணு மகன் அடைக்கலம்
பழைய நடை மூவாயிரம்
புது நடை இரண்டாயிரம்."
அந்தப் பக்கம் கறிக்குழம்பு வாசம்
இந்தப் பக்கம் நோட்டு எண்ணும் மெஷினின் படபடப்பு.

நான் செய்த மொய்க்குத் தனி நோட்டு உண்டு.
காதுகுத்து, புதுமனை,
நூற்றுப் பதினான்கு கல்யாணம்.
ஒன்றும் திரும்பி வந்ததில்லை.
சங்கத்தில் இதற்குத் தலைப்பு இருக்கிறது:
வாராக் கடன்.

"எப்பத்தான் சாப்பாடு போடப்போறே?"
டீக்கடை கேட்கும், பஸ் ஸ்டாண்டு கேட்கும்,
குருவிக்கரம்பை அத்தை போனில் கேட்பாள்.
இலையை மடிப்பதுபோல்
உள்பக்கமாக மடித்துவிடுவேன்.

போன தையில் ஒரு கல்யாணம்.
ஐயர் இல்லை, புகை இல்லை.
ஒன்றியச் செயலாளர் மைக் பிடித்து
மனம் ஒத்த இருவர் போதும், இரண்டு மாலை போதும் என்றார்.
கைதட்டினேன், உண்மையாகவே.
என் அப்பா அப்படிக் கட்டிக்கொண்டு
மூன்று வருஷம் மாமன் வீட்டுப் படி மிதிக்காதவர்.
"இருவர்" என்று அவர் சொன்னதற்கும்
"மணமகன், மணமகள்" என்று தொடர்ந்ததற்கும் நடுவில்
ஒரு மூச்சு அளவு இடம் இருந்தது.
அதில் கொஞ்ச நேரம் குடியிருந்தோம்
நானும்
ஜெனரேட்டர் பக்கம் நின்ற நீலகண்டனும்.

அவன் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன்.
புதாற்றில் தண்ணீர் கடைமடை எட்டாத வருஷம்
ஊரெல்லாம் மோட்டார் எரியும், இவனுக்கு உலை கொதிக்கும்.
"வெவசாயி அழுதாத்தான் எனக்குக் கூலி,
நான் எந்தக் கட்சிக்குக் குத்துறது, நீயே சொல்லு" என்பான்.
புயல் இரவில்
ஓடு பறந்த வீட்டில் கட்டிலுக்கடியே
ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு கிடந்தோம்.
விடிந்ததும் வந்து பார்த்தார்கள்.
அன்றைக்கு எல்லோரும் யாரையாவது பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

தன்பாலீர்ப்பு என்று பத்திரிகையில் படித்தேன்.
நல்ல சொல். பிழையில்லை.
எங்கள் பக்கம் "ஒரு மாதிரி" என்பார்கள்.
எதன் மாதிரி என்று
இதுவரை எவரும் காட்டியதில்லை.

காலனி மதியழகன் கொடுக்கும் ஐந்நூறை
அதே நோட்டில், அதே மையில்தான் எழுதுகிறேன்.
அவருக்கு இலை மட்டும்
"செத்த இருங்க" என்று
கடைசிப் பந்திக்குப் போகிறது.
ரூபாய்க்கு இங்கே தனிப்பந்தி கிடையாது.
இதை எழுதிக்கொண்டே இருபத்திரண்டு வருஷம்
வாய் திறக்காதவன் நான்.
என் குறையை மட்டும் பேசினால் எப்படி?

இந்த ஆவணியில் பதினோரு பேர் சேர்ந்து விருந்து.
கிடாய், அரிசி, பந்தல், எல்லாம் பங்கு.
மொய் விருந்துக்கு மணமகள் வேண்டாம்,
முகூர்த்தம் வேண்டாம்,
பசியும் பாக்கியும் போதும்.
ஃபிளெக்ஸில் ஆறாவது நான், ஏழாவது நீலகண்டன்.
"பேரையெல்லாம் அகர வரிசையில போட்டுரவாண்ணே?"
அச்சகத்துப் பையன் கேட்டான்.
வேண்டாம்ப்பா,
நான் எழுதித் தந்த மாதிரியே.

முதல் பந்தியில் மதியழகனை உட்காரவைத்தேன்.
இரண்டு பேர் எழுந்து போனார்கள்.
அவர்கள் மொய் மட்டும் சாயங்காலம்
ஆள் மூலமாக வந்து சேர்ந்தது.
அத்தை கை கழுவிக்கொண்டே,
"ஒருவழியாப் போட்டுட்டே" என்றாள்.
எதை என்று நான் கேட்கவில்லை,
அவளும் சொல்லவில்லை.

அவன் மேஜையில் நான் எழுதினேன்
என் மேஜையில் அவன்.
இரவு நோட்டைப் புரட்டினால்
சுழியெல்லாம் பிசகு, ஒற்றெல்லாம் காணோம்,
பக்கமெல்லாம் கிரீஸ் விரல்.
கடைசியில் தனக்குத்தானே ஒரு வரி போட்டிருக்கிறான்:
"நீலகண்டன், உள்ளூர்,
ஆயிரத்து ஒன்னு.
அத்தனையும் பழைய நடை."

ஆட்சிக்கும் மொய்க்கும் ஐந்து வருஷம் தவணை.
திருப்பிச் செய்ய எனக்கு
இன்னும் நாள் இருக்கிறது.